காடேறி ஏன் பகலில் வருவதில்லை

தமிழில் பதிவான ஆகப் பெரிய நெருப்புருண்டையை வீசியவர் கண்ணகி என்ற ஒரு குடும்பப் பெண். குருகுலம் கிடையாது, மந்திரக்கோல் கிடையாது. கையில் இருந்தது ஒற்றைச் சிலம்பு, அதன் இணையை அரசவையில் உடைத்தாயிற்று. மதுரையை மூன்று முறை வலம் வந்து இடது முலையைத் திருகி எறிந்தாள், ஊர் பற்றிக்கொண்டது. விளையாட்டு விதிப்புத்தகம் எழுதுகிறவன் இதற்குக் குறிப்பு எழுதினால் இப்படித்தான் எழுதுவான்: எட்டும் தூரம், மதுரை. பரவும் பரப்பு, அதே மதுரை. ஆள் பார்த்து விலக்கும் வசதி, உண்டு. அக்கினித் தேவன் நேரில் வந்து யார் யாரை விட்டுவிட வேண்டும் என்று விசாரிக்க, பார்ப்பார், அறவோர், பசு, பத்தினிப் பெண்கள், முதியோர், குழந்தைகள் என்று அவளும் பட்டியல் கொடுத்தாள்.

இதில் கவனிக்க வேண்டியது, பாண்டியன் அதற்கு முன்பே செத்துவிட்டான் என்பது. தலைமை எதிரி அரியணையிலிருந்து விழுந்து உயிரை விட்ட பிறகு, கைவசம் மிச்சமிருந்த பெரிய மந்திரத்தை ஊர்மேல் இறக்கினால் எந்த மேசையிலும் சண்டை வரும். மதுரையில் அந்தச் சண்டையைப் பேசித் தீர்க்க ஒருவர்தான் துணிந்தார், மதுராபதித் தெய்வம். அவரும் முகத்துக்கு நேரே வரவில்லை. பின்புறமாக வந்து நின்று, முற்பிறவிக் கணக்கை எல்லாம் எடுத்துச் சொல்லித்தான் சமாதானம் செய்தார். விதியை எழுதும்போதே தூரத்துக்கு ஒரு வரம்பு போட்டிருந்தால் தெய்வத்துக்கு இந்த அலைச்சல் இல்லை.

நான் பேச வந்தது டன்ஜன்ஸ் அன்ட் டிராகன்ஸ் பற்றி. ஆடாதவர்களுக்காக: நாலைந்து பேர் ஒரு மேசையைச் சுற்றி உட்கார்வார்கள். ஒருவர் கதை சொல்லி, அவருக்கு டன்ஜன் மாஸ்டர் என்று பெயர். மற்றவர்கள் மந்திரவாதி, வாள்வீரன், திருடன் என்று ஆளுக்கொரு வேஷம். இருபது முகப் பகடை உருண்டு யார் பிழைத்தார் என்று சொல்லும். ஒவ்வொரு மந்திரத்துக்கும் விதிப்புத்தகத்தில் எட்டும் தூரம் எழுதியிருக்கும். தொட்டால்தான் பலிப்பது, அறுபது அடி, நூற்றைம்பது அடி என்று. ஆடத் தொடங்கிக் கொஞ்ச நாளில் மந்திரவாதி வேஷக்காரர் ஒருவர் தொண்டையைச் செருமிக்கொண்டு, "இந்தத் தூரத்தை எல்லாம் இரட்டிப்பாக்கினால் என்ன?" என்று கேட்பார். அன்றைக்கு அந்த ஆட்டத்துக்குப் பிடித்தது சனி.

இந்தக் கேள்விக்கு மட்டக்களப்பில் பழைய விடை ஒன்று இருக்கிறது. கஜபாகு மன்னன் கண்ணகி வழிபாட்டை இலங்கைக்குக் கொண்டுவந்தான் என்பது மரபு. ஓர் ஊரையே சாம்பலாக்கியவரை இன்னோர் ஊர் எப்படி உள்ளே அழைக்கும்? எங்கள் முன்னோர் அவரது ஆற்றலில் ஓர் அடியையும் குறைக்கவில்லை. குறைக்கச் சொல்லி யார் போய்ப் பேசுவது? ஆறவிட்டார்கள். கிழக்கிலங்கைக் கண்ணகை அம்மன் கோயில்கள் பலவற்றில் கதவு திறப்பதே ஆண்டுக்கு ஒரு முறை, வைகாசியில். கண்ணகி வழக்குரை படிப்பார்கள், அம்மன் கோபம் தணியக் குளிர்த்தி பாடுவார்கள், பிறகு கதவைச் சாத்திவிட்டு அடுத்த வைகாசிவரை சத்தம் காட்டாமல் இருப்பார்கள். ஒரு பெரிய மந்திரத்தை வீசிய பின் மறுபடி வீசக் காத்திருக்க வேண்டும் என்ற விதியைக் கணினி விளையாட்டுக்காரர்கள் கூல்டவுன் என்கிறார்கள். காரைதீவிலும் செட்டிபாளையத்திலும் அது பொங்கலும் பந்தலுமாக நடக்கிறது.

குளிர்த்தி மட்டும் போதாது என்று கொம்பு முறித்தலும் வைத்தார்கள். ஊர் இரண்டாகப் பிரியும்: தென்சேரி கண்ணகி பக்கம், வடசேரி கோவலன் பக்கம். வளைந்த இரண்டு மரக் கொம்புகளை ஒன்றுக்குள் ஒன்று கொளுவி, வடம் பூட்டி இழுப்பார்கள். எது முறிகிறதோ அந்தச் சேரி தோற்றது. கணவன் மனைவி வழக்கு, ஒரு நகரத்தின் அழிவு, பாண்டிய வம்சத்தின் மானம் எல்லாவற்றையும் இரண்டு கொம்புகள் கொளுவிக்கொள்ளும் ஒரே புள்ளிக்குக் கொண்டுவந்தாயிற்று. எட்டும் தூரம் பூச்சியம். முறிவது மரம். சிங்கள ஊர்களிலும் பத்தினித் தெய்வத்தின் பேரில் அங்கெலிய என்று இதையே ஆடினார்கள். கணநாத் ஒபயசேகர 1984-ல் பத்தினி வழிபாட்டைப் பற்றி எழுதிய தடித்த புத்தகத்தில் இதற்கு நிறைய இடம் கொடுத்திருக்கிறார்.

மகாபாரதக்காரர் பாடு இதைவிட மோசம். அங்கே அஸ்திரங்களுக்குத் தூர வரம்பே கிடையாது. வரம்பு போட மறந்த கதாசிரியன் என்ன செய்வான்? சாபம் கொடுப்பான். கர்ணனுக்குத் தேவைப்படும் நேரத்தில் மந்திரம் மறந்துபோகும். இந்திரன் கொடுத்த சக்தி ஒரே ஒரு தரம்தான் வேலை செய்யும், அதையும் கடோற்கசன் மேல் செலவழிக்க வைத்தாயிற்று. நாகாஸ்திரம் குறி தவறாமல் வந்தபோது கிருஷ்ணன் தேரையே நிலத்தில் அழுத்தினார்; டன்ஜன் மாஸ்டர் தனக்குப் பிடித்த ஆட்டக்காரனைக் காப்பாற்றும் கலைக்கு அதைவிட நல்ல எடுத்துக்காட்டு கிடையாது. இந்தக் குழப்பத்தை எங்கள் வடமோடிக் கூத்துக்காரர் ஒரே இரவில் தீர்த்தார்கள். வட்டக்களரிக்குள் அர்ச்சுனனும் கர்ணனும் கைநீட்டினால் தொடுகிற தூரத்தில் நின்றுதான் அம்பு விடுவார்கள். இந்த இடைவெளியில் வில் எதற்கு என்று இதுவரை எந்தப் பார்வையாளரும் எழுந்து கேட்டதில்லை.

இனி பாய்க்கு வருவோம். மட்டக்களப்பார் வந்தவரைப் பாயோடு ஒட்டவைத்து விடுவார்கள் என்பது யாழ்ப்பாணத்தில் நெடுநாள் பேச்சு. உத்தியோகத்துக்கும் வியாபாரத்துக்கும் கிழக்கே போன பையன்கள் திரும்பி வராததற்கு அங்குள்ள தாய்மார் கண்டுபிடித்த விளக்கம் அது. உள்ளபடி நடந்தது என்னவென்றால், இங்கே வீடும் வளவும் பெண்பிள்ளைக்குப் போகும், குடி தாய்வழியே வரும், மாப்பிள்ளை பெண் வீட்டில் வந்து இருப்பார். வயற்சோறு, எருமைத் தயிர், வாவி மீன், மாமியார் உபசாரம். இதற்கு மேல் மந்திரம் வேறு ஓத வேண்டுமா? ஆனால் மந்திரம் என்றே வைத்துக்கொண்டாலும் அதன் நேர்மையைப் பாராட்ட வேண்டும். பாயில் வந்து உட்கார்ந்தவரைத்தான் ஒட்டும். எங்கள் பரிகாரிமாரின் தொழில் முழுவதும் அப்படித்தான். ஓதிய தண்ணீரைக் குடிக்க வேண்டும், மந்திரித்த நூலைக் கையில் கட்ட வேண்டும், தேசிக்காயைக் காலால் மிதிக்க வேண்டும். எல்லாம் தொடு தூரம். அதனால்தான் பலமாக இருந்தும் ஊரைக் கெடுக்கவில்லை.

டன்ஜன்ஸ் அன்ட் டிராகன்ஸ் ஐந்தாம் பதிப்பில் சோர்சரர் என்ற வகை மந்திரவாதிக்கு ஒரு சலுகை உண்டு. ஒரு புள்ளி செலவழித்தால் தொட்டுச் செய்யும் மந்திரம் முப்பது அடி எட்டும், மற்றவை இரட்டிப்புத் தூரம் போகும். முப்பது அடி என்பது மட்டக்களப்பில் திண்ணையிலிருந்து படலைக்கு. இந்தச் சலுகை மட்டும் எங்கள் ஆட்களுக்குக் கிடைத்திருந்தால் வழி விசாரிக்கப் படலையடியில் நின்றவன்கூடத் தப்பியிருக்க மாட்டான். யாழ்ப்பாணத்தில் கல்யாணம் செய்ய ஆண்பிள்ளை மிஞ்சியிருக்காது.

தூர விதி மாறினால் என்ன நடக்கும் என்பதை நாங்கள் மேசையில் அல்ல, கோட்டையில் பார்த்தோம். போர்த்துக்கேயர் 1628-ல் புளியந்தீவில் கோட்டை கட்டினார்கள். பத்து ஆண்டு கழித்து, 1638-ல், ஒல்லாந்தர் கண்டி மன்னன் இரண்டாம் இராஜசிங்கனோடு சேர்ந்து பீரங்கி சகிதம் வந்து அதைப் பிடித்தார்கள். தொட்டால் பலிக்கிற மந்திரம் ஒரு பக்கம், வாவிக்கு அந்தப் பக்கமிருந்து வந்து விழுகிற குண்டு ஒரு பக்கம். போதாக்குறைக்கு வந்தவன் கதிரை கொண்டுவந்தான். பாயில் உட்காராதவனை எதோடு ஒட்டுவது? இந்த ஒல்லாந்தருக்குத் தூரத்தில் ஒரு பித்தே இருந்தது. 1700-களின் தொடக்கத்தில் பிங்கர்ஷூக் என்ற அவர்கள் ஊர்ச் சட்டவல்லுநர், கரையிலிருந்து பீரங்கிக் குண்டு எட்டும்வரை உள்ள கடல் அந்த நாட்டுக்குச் சொந்தம் என்று வாதாடினார். பீரங்கி நீளமானால் நாடும் நீளும். மேசையில் தூரத்தை இரட்டிப்பாக்கக் கேட்கிறவர் மனதில் இருப்பதும் இதே ஆசைதான்.

பீரங்கிக்கும் மேசைக்கும் உறவு நான் இட்டுக்கட்டியதில்லை. 1971-ல் அமெரிக்காவில் கேரி கைகக்ஸும் ஜெஃப் பெரனும் செயின்மெயில் என்ற போர் விளையாட்டை வெளியிட்டார்கள். பொம்மைப் படைகளை மணல் மேசையில் நகர்த்தி ஆடுவது. அதன் பின்னிணைப்பில் டிராகனும் மந்திரவாதியும் தலைகாட்டினார்கள். அந்த மந்திரவாதியின் நெருப்புருண்டை, விழும் பரப்பில் பெரிய கவண்பொறிக்குச் சமம். மின்னல் வீச்சு, கனரகப் பீரங்கிக்குச் சமம். அதாவது மந்திரவாதி என்பது தாடி வைத்த பீரங்கி. 24 அங்குலம் எட்டும். மேசையில் ஓர் அங்குலம், களத்தில் பத்து யார், அதாவது கெஜம். ஆகவே 240 யார். எதிரே நூற்றுக்கணக்கில் படை நிற்கும்போது இதில் ஒரு அநியாயமும் இல்லை.

கைகக்ஸ் சிகாகோவில் ஃபயர்மன்ஸ் ஃபண்ட் என்ற காப்புறுதிக் கம்பனியில் அபாயக் கணக்குப் பார்த்தவர். பிறகு அந்த வேலை போய்ச் சப்பாத்துத் திருத்தினார். தீயணைப்பு வீரன் பெயர் வைத்த கம்பனியிலிருந்து வெளியே வந்தவர் உலகத்துக்கு நெருப்புருண்டையைக் கொடுத்ததை மனக்கசப்பு என்று சொல்ல எனக்கு ஆதாரம் இல்லை, ஆசை இருக்கிறது. 1974-ல் அவரும் டேவ் ஆர்னசனும் உருவாக்கிய டன்ஜன்ஸ் அன்ட் டிராகன்ஸ் ஆயிரம் பெட்டி அச்சாகி விற்றது. இப்போது பீரங்கியைச் சுரங்க அறைக்குள் கொண்டுபோக வேண்டும். வெளியே ஓர் அங்குலம் பத்து யார் என்பது, நிலவறைக்குள் பத்து அடி என்று மாறியது. அதே மந்திரவாதி, அதே மந்திரம், வாசற்படி தாண்டினால் தூரம் மூன்றில் ஒன்று. ஏன் என்று கேட்டால் அங்குலம் என்பதால்.

1978-ல் வந்த பெரிய விதிப்புத்தகத்தில் கைகக்ஸுக்கே பயம் வந்திருக்கிறது. வெளியிடத்தில் தூரம் யாராக நீளட்டும், ஆனால் மந்திரம் பரவும் பரப்பு மட்டும் எங்கேயும் அடிக்கணக்குத்தான் என்று அழுத்தி எழுதினார். அதையும் விட்டிருந்தால் வயல்வெளியில் ஒரே உருண்டை ஒரு கிராமத்தை முடித்துவிடும். மூடிய அறையில் அந்த உருண்டைக்கு இன்னொரு குணமும் கொடுத்தார். குறிப்பிட்ட கன அடியை நிரப்பாமல் அது அடங்காது. குறுகிய நடைபாதையில் வீசினால் மிச்ச நெருப்பு வீசியவன் முகத்துக்கே திரும்பி வரும். கண்ணகிக்குக் கிடைத்த விலக்குப் பட்டியல் இவனுக்குக் கிடையாது. கூட வந்த அறவோர், முதியோர் எல்லாரும் சேர்ந்தே வேகவேண்டியது. எட்டும் தூரத்துக்கு இப்படி ஒரு விலை வைத்ததால் ஆட்டம் நின்றது.

பின்வந்தவர்கள் விலையைத் தள்ளுபடி செய்துகொண்டே போனார்கள். ஐந்தாம் நிலை மந்திரவாதி ஒருவரை எடுத்துக்கொள்வோம். 1978 விதியில் அவரது நெருப்புருண்டை நிலவறைக்குள் 150 அடி, வெளியே 150 யார், அதாவது 450 அடி. 1989-ல் இரண்டாம் பதிப்பு, அங்குலத்தை ஒழித்து எங்கும் யார் என்றது: 180 அடி. அறைக்குள் இருப்பவன் சிரித்தான், வயலில் நின்றவன் அழுதான். 2000-ல் மூன்றாம் பதிப்பு, வாரிக்கொடுத்த வள்ளல்: 600 அடி. இருநூறு யார் தள்ளி ஒரு மலைமேல் நின்று, கீழே உள்ள கொள்ளையர் முகாமைச் சாப்பாட்டு நேரத்தில் கொளுத்திவிட்டு வீட்டுக்குப் போகலாம். வாள்வீரன் வேஷக்காரர் அன்றைக்கு மேசைக்கு வந்ததே வீண்; அவருடைய பங்கு, தேநீர் ஊற்றுவது. 2008-ல் நான்காம் பதிப்பு பதறிப்போய்க் கட்டங்களுக்குத் திரும்பியது. இருபது கட்டம், அதாவது 100 அடி. மூலைவிட்டமாகப் போனாலும் ஒரு கட்டம் ஒன்றாகவே எண்ணப்பட்டதால் உருண்டை சதுரமாகிவிட்டது. மூவாயிரம் ஆண்டு வடிவகணிதத்தை ஒரு விளையாட்டுப் புத்தகம் ஒரே பக்கத்தில் தோற்கடித்தது.

இதை எல்லாம் காகிதத்தில் படித்தால் எண்கள்தான். பாசிக்குடாவில் வைத்துப் பார்த்தால் விளங்கும். எங்கள் கடல் அப்படி: கரையிலிருந்து நடந்துகொண்டே போகலாம், தண்ணீர் இடுப்பைத் தாண்ட மனமில்லாமல் கூடவே வரும். ஒளிய ஒரு பாறை இல்லை, மரம் இல்லை. அலையும் பேருக்குத்தான். அங்கே கடலுக்குள்ளிருந்து ஒரு காடேறிப் பேய் கரைக்கு வருகிறது என்று வைத்துக்கொள்வோம். உயிர்ப்புள்ளி 100. கையால் அறையத்தான் தெரியும், நீச்சல் தெரியாது. ஒரு சுற்றுக்கு, அதாவது ஆறு விநாடிக்கு, 30 அடி நடை. இடுப்பளவு தண்ணீரில் அது பாதியாகும், விழுந்தடித்து ஓடினால் மறுபடி 30. கரையில் வார்லொக் என்ற வகை மந்திரவாதி ஒருவர், ஐந்தாம் நிலை, கையில் எல்ட்ரிச் பிளாஸ்ட் என்ற மந்திரம். தவறுகிறதை எல்லாம் கழித்துச் சுற்றுக்குச் சராசரி 12 புள்ளி சேதம் என்று கொள்ளுங்கள்.

அந்த மந்திரத்தின் இயல்பான தூரம் 120 அடி. காடேறி நாலு சுற்றில் கரையேறிவிடும். அதற்குள் 48 புள்ளி போயிருக்கும், பாதி உயிரோடும் முழுக் கோபத்தோடும் வந்து நிற்கும். வாள்வீரருக்கு வேலை, பூசகருக்கு வேலை, திருடருக்கு ஓட வேலை. நல்ல ஆட்டம்.

ஆனால் 2014 விதிப்படி எல்ட்ரிச் ஸ்பியர் என்ற சலுகையை எடுத்தால் அந்த 120 அடி 300 ஆகும். மேலே ஸ்பெல் ஸ்னைப்பர் என்ற திறனையும் சேர்த்தால் இரட்டித்து 600. இப்போது காடேறி இருபது சுற்று தண்ணீரில் ஓடியாக வேண்டும். ஒன்பதாவது சுற்றில் அதன் கணக்கு முடிந்துவிடும், கரை இன்னும் முந்நூறு அடிக்கு மேல் இருக்கும்.

"என்னகா இது, ஒரு அறையாவது அறையவிடு மச்சான்" என்று காடேறிக்காக டன்ஜன் மாஸ்டரே கெஞ்ச வேண்டிய நிலை. அடுத்த கிழமை அவர் பத்துக் காடேறிகளை இறக்குவார். அதற்கடுத்த கிழமை பறக்கும் காடேறி. மூன்றாவது கிழமை ஆட்கள் வரமாட்டார்கள்.

அதே இருவரை மட்டக்களப்பு வாவியோரக் கண்டல் காட்டுக்குள் விடுங்கள். இருபது முப்பது அடிக்கு மேல் கண் போகாது. 600 அடி எழுதிய தாளைச் சுருட்டிக் காது குடையலாம். கண்ணில் படாத குறியின் மேல் வீசினால் தவறும் வாய்ப்பே கூடும். இருட்டிலும் அப்படித்தான், இருள்பார்வை உள்ள குட்டையர், எல்ஃப் இனத்தாருக்கும் 2014 விதியில் பொதுவாக அது 60 அடியோடு சரி. காடேறி இரவில் மட்டும் உலாவும் என்று பெரியவர்கள் சொன்னதை நான் மூடநம்பிக்கை என்று நினைத்ததுண்டு. விதிப்புத்தகத்தைப் படித்த பிறகுதான் அது எவ்வளவு தேர்ந்த தளபதி என்று தெரிகிறது.

ஆகவே தூரத்தை மாற்றுகிறவர் மந்திரத்தை மட்டும் மாற்றுவதில்லை; கண்டல், கடல், இரவு, நடை என்று இடையில் கிடக்கிற அத்தனையையும் அழிக்கிறார். நல்ல விதி இதற்கு விலை கேட்கும். 2014 பதிப்பின் குணப்படுத்தும் மந்திரங்களில் இரண்டை எடுத்துக்கொள்வோம், இரண்டும் முதல் நிலை. தொட்டுச் செய்யும் கியூர் வூண்ட்ஸ் எண்முகப் பகடை உருட்டும். அறுபது அடி தள்ளி நின்று, அதுவும் போகிற போக்கில், சொல்லும் ஹீலிங் வேர்ட் நான்முகப் பகடைதான். வீட்டுக்கு வந்து பார்க்கும் பரிகாரிக்கும் தபாலில் திருநீறு அனுப்பும் சாமியாருக்கும் உள்ள வித்தியாசத்தை யாரோ ஒரு அமெரிக்கர் சரியாகப் பகடையில் வடித்திருக்கிறார். ஆனாலும் ஆட்டக்காரர்கள் தபால் சாமியாரையே விரும்பினார்கள், ஏனென்றால் சண்டைக்கு நடுவில் எழுந்து போக யாருக்கும் மனமில்லை. பாதி விலையிலும் தூரம் இலாபமாகவே இருக்கிறது என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம்.

நெருப்புருண்டையின் கதை எங்கே போய் முடிந்தது என்று சொல்லிவிடுகிறேன். அங்குலம் வந்தது, யார் வந்தது, அறுநூறு அடி வந்தது, சதுரம் வந்தது. 2014-ல் ஐந்தாம் பதிப்புக்காரர்கள் உட்கார்ந்து யோசித்து எழுதிய எண் 150 அடி. சப்பாத்துத் திருத்தியவர் 1978-ல் நிலவறைக்குள் அந்த ஐந்தாம் நிலை மந்திரவாதிக்கு அளந்து கொடுத்ததும் அதுவேதான். முப்பத்தாறு ஆண்டு, நாலு பதிப்பு, எண்ணிச் சொல்ல முடியாத சண்டைகள்.

உங்கள் மேசையில் யாராவது தூரத்தை இரட்டிப்பாக்கக் கேட்டால் மறுக்க வேண்டாம். அரக்கர்களுக்கும் அதே சலுகை உண்டு, ஒரு முறை வீசினால் அடுத்த வைகாசிவரை வீச முடியாது என்று இரண்டு வரி சேர்த்துக் கையெழுத்துக் கேளுங்கள். பாசிக்குடாவில் ஆடுகிறவர்கள் தயவுசெய்து பொழுதுபட்ட பிறகு தொடங்கவும்.